குடியும் கொடிவழியும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழ்வோரிடத்தே, "நீர் எக்குடியைச் சேர்ந்தவர்?" என வினவினால் விடை தாமதமின்றி வரும். உலகிப்போடிகுடி, காலிங்காகுடி, பணிக்கனாகுடி, தனஞ்சயன்குடி என்றிவ்வாறு தத்தம் குடிப்பெயரைக் கூறுவர். அக்குடி தாயிடமிருந்து வந்தது என்பதும், தாய்க்கு அவள் தாயிடமிருந்து வந்தது என்பதும் வீட்டிலே பெரியோர் பேச்சைக் கேட்டு வளரும் சிறுவர்க்கும் தெரியும். அவர்களிடமே, "உம்முடைய பூட்டனார் பெயர் யாது? அவர் எவ்வூரிற் பிறந்தார்?" என்று வினவுவோமாயின், பலர் சிறிது சிந்தித்துத் தெரியாதென்பர். தாய்வழியை இத்துணைத் தெளிவாகப் போற்றும் நாட்டிலே தந்தைவழி இத்துணை விரைவில் மறக்கப்படுவது ஏன்? அதனை மறவாது எழுதிவைப்பது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாக்கள் இக்காலத்தே ஒரு புதிய தேவையையும் பெற்றுள்ளன. நம்மவர் பலர் கனடா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிற் குடியேறியுள்ளனர். ஆங்கே பிறந்த பிள்ளைகள் தம் உமிழ்நீரைச் சிறு குழாயில் இட்டு அனுப்பி, டீ.என்.ஏ. எனப்படும் மரபணுப் பொருளைப் பரிசோதிப்பித்துத் தம் முன்னோரைத் தேடுகின்றனர். பரிசோதனைச் சாலை அவர்களுக்கு எழுத்துக்களும் எண்களும் நிறைந்த ஓர் ஏட்டை அனுப்புகின்றது, பெயர்களை அனுப்புவதில்லை. பெயர்கள் இங்கே, நம் முதியோர் நெஞ்சிலும் பழைய பெட்டகங்களிலும் கிடக்கின்றன. அவை எழுதப்படாது அழியுமாயின், அப்பரிசோதனையின் பயனிற் பெரும்பகுதி அழிந்துபோம்.

மூவகைப் பரிசோதனை

மனிதனுடைய கலம் ஒவ்வொன்றிலும் 23 சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. அவற்றுள் ஒரு சோடி ஆண் பெண் வேறுபாட்டைத் தருவது. பெண்ணுக்கு இரண்டும் எக்ஸ் நிறமூர்த்தங்கள். ஆணுக்கு ஒன்று எக்ஸ், மற்றையது வை. இவ் வை நிறமூர்த்தம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. அதன் பெரும்பகுதி தாயின் பங்கு கலவாமலே செல்வது. ஆகவே ஒருவன், அவன் தந்தை, பாட்டன், பூட்டன், ஓட்டன் ஆகிய யாவரும் ஏறக்குறைய ஒரே வை நிறமூர்த்தத்தை உடையராவர். பெண்களுக்கு இது இல்லாமையின், ஒரு பெண் தன் தந்தைவழியை இம்முறையால் அறிய விரும்பின், தந்தையேனும் சகோதரனேனும் சிறிய தந்தையேனும் உமிழ்நீர் கொடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, இழைமணிப் பரிசோதனை. கலத்தின் கருவுக்குப் புறத்தே உள்ள இழைமணிகள் தமக்கென 16,569 எழுத்துக்கள் கொண்ட ஒரு சிறு மரபேட்டை உடையன. இது தாயிடமிருந்து பிள்ளைகள் அனைவர்க்கும் செல்வது. ஆயினும் அடுத்த தலைமுறைக்கு அதனைக் கடத்துவோர் பெண்மக்களே. நம் நாட்டுக் குடி செல்லும் வழியும் இதுவே. தாய் கொடுத்த குடியை மகனும் மகளும் பெறுவர். மேலே கொண்டு செல்பவள் மகள்.

மூன்றாவது பரிசோதனை எஞ்சிய 22 சோடிகளைப் பற்றியது. இவற்றிற் பாதி தந்தையுடையது, பாதி தாயுடையது. இது எல்லாப் பக்கத்து உறவினரையும் காட்டுமாயினும், தலைமுறைதோறும் பாதியாகக் குறைந்து சில தலைமுறைகளுள் மங்கிவிடும். மேலும் மச்சாளை மணக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நிலவும் இடங்களில், தூரத்து உறவினரும் நெருங்கிய உறவினர் போலத் தோன்றுவர். ஆகவே இப்பரிசோதனை கூறும் உறவுமுறையை எழுதிய கொடிவழியோடு ஒப்புநோக்காமல் ஏற்றுக்கொள்ளுதல் தகாது.

ஏட்டுச்சுவடியும் பாடவேறுபாடும்

வை நிறமூர்த்தம் மாறாமற் செல்வது என்றோம். முற்றும் மாறாததாயின் உலகத்து ஆண்கள் யாவர்க்கும் ஒன்றே இருத்தல் வேண்டும். உண்மையில் இடையிடையே சிறு மாற்றங்கள் நேர்கின்றன. இவற்றை விகாரம் என்பர். பழைய நூல்களை ஏட்டிலே படியெடுத்தோர் ஆங்காங்கே ஓர் எழுத்தைத் தவறவிட்டமையும், அத்தவறு அப்படியிலிருந்து எடுத்த படிகளிலெல்லாம் தொடர்ந்தமையும் தமிழ் படிப்போர் அறிவர். ஒரே பாடவேறுபாட்டை உடைய இரு சுவடிகள் ஒரு மூலத்திலிருந்து வந்தவை எனப் பதிப்பாசிரியர் துணிவது போல, ஒரே விகாரங்களை உடைய இருவர் ஒரு முன்னோன் வழிவந்தோர் என விஞ்ஞானிகள் துணிகின்றனர்.

ஆனால் அம்மூலச் சுவடியை எழுதியவர் யார், எவ்வூரில், எவ்வாண்டில் எழுதினார் என்பதைப் பாடவேறுபாடு சொல்லாது. ஏட்டின் இறுதியில் எழுதியவர் வைத்த குறிப்பே சொல்லும். அவ்வாறே பொது முன்னோன் ஒருவன் இருந்தான் என்பதைப் பரிசோதனை கூறும்; அவன் பெயரையும் ஊரையும் எழுதிய கொடிவழியே கூறும். ஒன்று மற்றையதற்குத் துணையேயன்றி மாற்றன்று.

உயிரோடிருப்போர் இருவரின் உறவை அறிதற்குப் பரிசோதனை ஒன்றே போதும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின் பின் கல்முனை மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டு, 81ஆம் எண்ணால் அழைக்கப்பட்ட கைக்குழந்தையை உலகம் அறியும். 2005 பெப்ரவரியில் நீதிமன்றக் கட்டளையின்படி நடந்த மரபணுப் பரிசோதனையே அக்குழந்தையைப் பெற்றோர் கையிற் சேர்த்தது. அங்கே பெற்றோரும் பிள்ளையும் உயிரோடிருந்தனர். இறந்துபட்ட பூட்டனாரிடம் உமிழ்நீர் பெற இயலாது. அவருக்கும் நமக்கும் இடையே உள்ள படிகளை எழுத்தாலேயே கட்டுதல் வேண்டும்.

பிறநாட்டார் கண்ட இரு சான்றுகள்

அமெரிக்காவின் மூன்றாம் சனாதிபதி தோமஸ் செபர்சன் 1826இல் இறந்தார். அவர் இல்லத்தில் அடிமையாயிருந்த சாலி எமிங்ஸ் என்பாளின் பிள்ளைகளுக்கு அவரே தந்தை என்ற பேச்சு நெடுங்காலம் நிலவிற்று. செபர்சனுக்கு ஆண்வழிச் சந்ததி நிலைக்கவில்லை. ஆகவே 1998இல், அவருடைய தந்தையின் சகோதரர் ஆண்வழியில் வந்தோரைத் தேடிப் பிடித்து, சாலியின் இளைய மகன் எஸ்டன் ஆண்வழியில் வந்தவர் ஒருவரோடு ஒப்பிட்டனர். வை நிறமூர்த்தம் ஒத்தது. ஆயினும், அதே நிறமூர்த்தத்தை உடைய செபர்சன் குடும்பத்து ஆண்கள் வேறும் பலர் இருந்தனர். அவர்களுள் இன்னாரே தந்தை என்பதற்கு, அவர் எப்பொழுது வீட்டில் இருந்தார், பிள்ளைகள் எப்பொழுது பிறந்தனர் என்ற பழைய குறிப்பேடுகளே துணை நின்றன.

மற்றையது இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ரிச்சர்ட் வரலாறு. 1485இல் போரில் இறந்த அவன் எலும்புக்கூடு 2012இல் லெஸ்டர் நகரிலே தோண்டி எடுக்கப்பட்டது. அவன் சகோதரியின் பெண்வழியில் வந்தோரின் இழைமணி எலும்புக்கூட்டினதோடு ஒத்தது. ஆண்வழியிலே அவனுக்கு உறவினர் எனக் குலவரலாறு கூறிய ஐவரைப் பரிசோதித்தபோது, எவருடைய வை நிறமூர்த்தமும் ஒத்துவரவில்லை. இம்முடிவு 2014இல் வெளியாயிற்று. ஐந்நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் எங்கோ ஒரு படியிலேனும் எழுதிய தந்தை வேறு, பெற்ற தந்தை வேறாக இருந்துள்ளார் என்பதே பொருள். தாய்வழி உறுதியானது, தந்தைவழி ஐயத்துக்கு இடமானது என்ற நம் முன்னோர் கருத்துக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

வாவிநாட்டு வழக்கு

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே தாய்வழிக்குக் காவலர் பலர் உளர். கொக்கட்டிச்சோலை, மண்டூர் முதலிய திருத்தலங்களில் வண்ணக்கர் பணியும் திருவிழா உரிமையும் குடிவழியே வருவன. கீழ்மாகாணத்து முஸ்லிம் மக்களும் குடிவழக்கம் உடையர். பள்ளிவாசல் மரைக்காயர் பதவி அவர்களிடையே குடிக்குரியதாய் வழங்கியது. ஒரு குடிக்குள்ளே திருமணம் கூடாது என்பது பெருவழக்கு. ஆகவே மணம் பேசுந்தோறும் குடி நினைவுகூரப்படும். குடியின் உட்கிளைக்கு வயிற்றுவார் என்ற பெயரே தாய்வயிற்றைச் சுட்டுவது. பழைய முக்குவர் சட்டத்தின்படி ஒருவன் முதுசம் அவன் மகனுக்கன்றிச் சகோதரியின் மக்களுக்கே சென்றது. இச்சட்டத்தைப் பற்றிப் பிரிட்டோ என்பவர் 1876இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வாண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ பொதுவான உரிமைமுறையை இங்கும் கொண்டுவந்தது. சட்டம் மாறிய பின்னும், வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகும் வழக்கம் நின்றது.

தந்தைவழிக்கோ இத்தகைய காவலர் இல்லை. மணமகன் மனைவியின் வீட்டுக்குச் செல்வான். எழுவான்கரையிற் பிறந்தவன் படுவான்கரையிற் பெண் கொள்வான். அவன் மகன் அங்கிருந்து வேறோர் ஊரிற் கொள்வான். தாய்வழியைத் தேடுவோர்க்கு ஒரு வளவிலேயே மூன்று தலைமுறை கிடைத்தல் கூடும். தந்தைவழியைத் தேடுவோர் தலைமுறைக்கு ஓர் ஊராக வாவியைக் கடந்து கடந்து செல்லுதல் வேண்டும்.

பெயர் மரபும் இடர் தருவது. ஐரோப்பியர்க்குப் போல நமக்கு மாறாத குடும்பப் பெயர் இல்லை. மகன் பெயரின் முன்னே தந்தை பெயர் நிற்கும். பேரன் பெயரின் முன்னே பாட்டன் பெயர் நீங்கிவிடும். காரைதீவிலே 1892இற் பிறந்த சாமித்தம்பியார் மகன் மயில்வாகனனார் என்ற பெயரில் ஒரு தலைமுறை விளங்குகின்றது. அவரே துறவு பூண்டு விபுலாநந்த அடிகளான பின், அப்பெயரில் அத்தலைமுறையும் மறைந்துவிட்டது. புகழ்பெற்றார்க்கு வரலாறு எழுத ஆளுண்டு. ஏனையோர் நிலை யாது? ஒரே ஊரிற் கந்தப்போடிகளும் கணபதிப்பிள்ளைகளும் பலராயிருப்பர். அவருள் நம் பூட்டனார் எவர் என்பதை எங்ஙனம் அறிவது?

இங்கேதான் குடி நமக்குக் கைகொடுக்கின்றது. காலிங்காகுடி ஆண் ஒருவன் உலகிப்போடிகுடிப் பெண்ணை மணந்தால், அவன் மகன் உலகிப்போடிகுடி. அம்மகன் தந்தையின் சகோதரி மகளாகிய மச்சாளை மணந்தால், அவள் காலிங்காகுடி ஆதலின், பேரனும் காலிங்காகுடியாவான். எனவே தந்தையும் மகனும் ஒரே குடியினராய்ப் பதிவாகியிருப்பின், அங்கே பிழை உண்டோ என ஐயுறுதல் வேண்டும். ஒரே பெயருடைய இருவரைக் குடியால் வேறு பிரித்தல் கூடும். தாய்வழியே வரும் குடி தந்தைவழிக் கொடியைச் சரிபார்க்கும் அளவுகோல் ஆகின்றது. பிறநாட்டுக் கொடிவழி ஆராய்வோர்க்கு எளிதிற் கிட்டாத இக்கருவி நமக்கு இயல்பாகவே வாய்த்துள்ளது.

சான்றுகள் இருக்கும் இடம்

இலங்கையிற் பிறப்பு இறப்புப் பதிவு 1867இல் தொடங்கியது. நம்மில் நடுவயதினர் பலரின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்திலே, பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றை எழுதும் நிரல் உண்டு. இது 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தை நினைவூட்டுவது. அச்சட்டம் தந்தையின் பிறப்பிடத்தையோ, தந்தைவழிப் பாட்டன், பூட்டன் ஆகியோரின் பிறப்பிடத்தையோ சான்றாகக் கேட்டது. அதனால் மலையகத் தமிழர் பல இலட்சம்பேர் பிரசாவுரிமை இழந்தனர். 2003இலேதான் தாய்வழியும் சட்டத்தில் இடம்பெற்றது. தந்தைவழிப் பத்திரம் வெறும் குலப்பெருமைக்குரிய பொருளன்று என்பதற்கு இவ்வரலாறே போதிய சான்று.

காணி உறுதிகள், சீதன உறுதிகள், விவாகப் பதிவுகள், பாடசாலைச் சேர்வு இடாப்புக்கள், 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபின் எழுந்த வாக்காளர் இடாப்புக்கள், கிறித்தவராயின் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகள் ஆகியனவும் உதவும். இவற்றுட் பல 1978 நவம்பர்ச் சூறாவளியிலும், 2009 வரை நீடித்த போரின் இடப்பெயர்வுகளிலும், ஆழிப்பேரலையிலும் அழிந்தன. எஞ்சியவற்றைப் படியெடுத்து இரண்டு மூன்று இடங்களில் வைத்தல் நம் கடமை.

எழுதும் முறை

முதலாவது, தன்னிலிருந்து தொடங்கி மேனோக்கிச் செல்லுக. புகழ்பெற்ற ஒருவரைத் தேர்ந்து அவரிலிருந்து கீழே இறங்குதல் ஆகாது. அவ்வாறு இறங்குவோர் வேண்டிய இடத்துக்கு வந்துசேரும் வரை இடைவெளிகளைக் கற்பனையால் நிரப்புவர்.

இரண்டாவது, ஒவ்வோர் ஆணுக்கும் ஒரு தாள் வைத்து எழுதுக. பத்திரப் பெயர், வீட்டுப் பெயர், பட்டப் பெயர், பிறந்த ஊர், தாயின் பெயரும் குடியும், மணந்த ஊர், மனைவியின் பெயரும் குடியும், மக்கள் யாவரும் பிறந்த வரிசை, இறந்த ஆண்டும் இடமும் அதில் அமைதல் வேண்டும். பெண்மக்களை விடாது எழுதுக. அவர் பெயரின்றிக் குடி விளங்காது. ஒருவர் இருமுறை மணந்திருப்பின் எம்மனைவியின் பிள்ளை என்பதையும் குறிக்க.

மூன்றாவது, ஒவ்வொரு செய்தியும் எங்கிருந்து கிடைத்தது என்பதை அருகே எழுதுக. பத்திரமாயின் இலக்கமும் ஆண்டும், வாய்மொழியாயின் சொன்னவர் பெயரும் நாளும் வேண்டும். இருவர் வேறுவேறு கூறின் இரண்டையும் எழுதுக. கேள்விப்பட்டதையும் பத்திரத்திற் கண்டதையும் ஒன்றாகக் கலத்தல் கூடாது.

நான்காவது, பரிசோதனைக்கு உரியாரைத் தேர்தல். ஒரு பூட்டனாருக்கு இரு ஆண்மக்கள் இருந்தனராயின், ஒவ்வொருவர் ஆண்வழியிலிருந்தும் ஒருவரைத் தேர்க. இருவர் நிறமூர்த்தமும் ஒத்தால் பூட்டனார் வரையுள்ள இரு கிளைகளும் ஒருங்கே உறுதிப்படும். அண்ணனையும் தம்பியையும் பரிசோதித்தால் அவர்தம் தந்தைக்கு மேல் எதுவும் உறுதிப்படாது.

காக்க வேண்டியன

சிலர் இன்ன குடிக்கு இன்ன நிறமூர்த்தம் எனக் கூறி உயர்வு தாழ்வு பேச முற்படுவர். தந்தையும் மகனும் ஒரே வை நிறமூர்த்தத்தை உடையராயினும், நம் வழக்கின்படி அவர் இருவரும் வேறு குடியினர். ஆகவே வை நிறமூர்த்தத்தைக் கொண்டு குடிப்பெருமை பேசுதல் தருக்கத்துக்கே மாறானது.

"ரிஷிமூலம் நதிமூலம் ஆராயலாகாது" என்பது நம் முன்னோர் மொழி. எழுதிய தந்தையும் பெற்ற தந்தையும் வேறாதல் மன்னர் குலத்துக்கும் நேர்ந்தது என்பதைக் கண்டோம். தத்தெடுத்தும் அநாதையரை ஏற்றும் வளர்த்த குடும்பங்கள் நம்மிடையும் உண்டு. பரிசோதனைக்கு முன்னரே, எதிர்பாராத விடை வரின் என்செய்வது என்பதைக் குடும்பத்தார் கூடிப் பேசுதல் வேண்டும். வளர்த்த தந்தையின் தந்தைமையை எந்தப் பரிசோதனையும் அழிக்கமாட்டாது. உமிழ்நீர் கொடுப்பவர் மனமொத்தே கொடுத்தல் வேண்டும். உயிரோடிருப்போர் விவரங்களை வெளியிடலாகாது. அமெரிக்காவின் டுவென்டி திரீ அண்ட் மீ நிறுவனத்திலிருந்து 2023இல் ஏறக்குறைய 69 இலட்சம் பேரின் விவரங்கள் களவாடப்பட்டன. 2025 மார்ச்சில் அது கடன்பட்டோர் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. நம் மரபேட்டை யாரிடம் ஒப்படைக்கின்றோம் என்பதை முன்கூட்டியே எண்ணுதல் நன்று.

பரிசோதனையை இன்று செய்யலாம். பத்தாண்டு கழித்தும் செய்யலாம். பேரன் உள்ளவரை அந்நிறமூர்த்தம் அவனிடம் இருக்கும். எண்பது வயதான பெரியப்பாவின் நினைவோ பத்தாண்டு காத்திராது. ஆகவே எழுதுவது முந்துக, பரிசோதிப்பது பிந்துக.

பழைய மாணவர்கள் தத்தம் தந்தைவழியை ஐந்து தலைமுறை வரை எழுதி ஒரு படியைத் தம் பிள்ளைகளிடம் கொடுப்பாராக. வெளிநாட்டில் வாழ்வோர் அடுத்த முறை ஊருக்கு வருங்கால் பெரியோரிடம் அமர்ந்து ஊர்ப்பெயர்களையும் குடிப்பெயர்களையும் கேட்டு எழுதுவாராக. ஆசிரியர்கள் இதனையே மேல்வகுப்பு மாணவர்க்கு விடுமுறைப் பயிற்சியாகத் தரலாம். கட்டுரைத் திறனும் வளரும், குடும்ப வரலாறும் நிற்கும். இன்று கல்வி பயிலும் மாணவருள் ஒருவர் நாளை பூட்டனாவார். அவர் பெயரை அவர் பேரப்பிள்ளையின் மகன் தேடுங்காலத்து, ஊரும் ஆண்டும் குடியும் எழுதிய ஒரு தாளேனும் அவன் கைக்குக் கிட்டுமாறு செய்வது நம் தலைமுறையின் பொறுப்பாகும்.